அது காட்டு விறகல்ல, மிலாறு

தம்பி,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாக இருப்பதை நானே கண்ணால் பார்த்தேன். கொட்டகலை மண்டபத்தில், மலையைக் காப்பது பற்றிய கூட்டத்து மேடையில், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கையில் சின்னதொரு பொத்தானை அழுத்தி அழுத்தி நீ படம் காட்டியபோது நன்றாகவே இருந்தாய். இதை உன் போனுக்கு அனுப்பாமல் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன் என்று தெரிந்தால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ எங்களைப் பற்றிப் பேசியது மேடையில், மைக்கில், ஊர் பார்க்க. அதற்குப் பதில் மட்டும் காதோடு காதாக வரவேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

அன்று எங்களை அழைத்துப்போக, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கே வேன் அனுப்பியிருந்தார்கள். பெற்ற மகன் நீ பேசப்போகிறாய் என்று, பெட்டிக்குள் கிடந்த நீலச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து அறை, பக்கத்துக் காம்பராப் பாக்கியமும், அவள் மகன் செல்வமும், எங்கள் மேல் லயத்து ஆட்கள் இன்னும் சிலரும் வந்தார்கள். முன் வரிசைக் கதிரைகளில் அதிகாரிகள் இருந்தார்கள். பெரிய பங்களாவை ஹோட்டலாக மாற்றிய முதலாளியின் ஆட்கள் இருந்தார்கள். எங்களுக்குக் கடைசி வரிசை. அதில் எனக்கு வருத்தமில்லை. கடைசி வரிசையில் இருந்தால் எல்லாருடைய பிடரியும் தெரியும். நீ தமிழிலும் சிங்களத்திலும் மாறிமாறிப் பேசினாய். மலை செத்துக்கொண்டிருக்கிறது என்றாய். ஜனம் பெருகுகிறது, வறுமை பெருகுகிறது, ஏழை கையில் அகப்பட்டதை வெட்டி எரிக்கிறான், ஊற்று வற்றுகிறது, மண் சரிகிறது என்றாய். இதற்கெல்லாம் சேர்த்து ‘மக்கள்தொகை அழுத்தம்’ என்று ஒரு பெயர் வைத்தாய். அழுத்தம் என்றால் எனக்குக் கிளினிக்கில் தரும் பிரஷர் குளிசைதான் ஞாபகம் வரும். அன்று அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். போதவில்லை.

பிறகு அந்தப் படம் வந்தது. சுவர் உயரத்துக்கு ஒரு பொம்பளையின் முதுகு. தலையில் விறகுக் கட்டு. பாதை மேலேறிப் போகிறது, பனி இறங்கியிருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஹோட்டல்காரன் சுவரில் மாட்டலாம். கீழே பெரிய எழுத்தில், ‘காட்டு விறகு: வறுமை காட்டை அழிக்கும் விதம்’ என்று போட்டிருந்தாய். பாக்கியம் என் விலாவில் இடித்தாள். “யக்கா, அந்தப் பச்ச சுவெட்டரு ஒன் மகன் மொதச் சம்பளத்துல வாங்கிக் குடுத்ததுதானே?” என்றாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வரிசையிலேயே யாரோ சிரித்தார்கள். நான் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டேன், என்னமோ அந்தச் சுவெட்டரை அன்றும் போட்டு வந்தவள் மாதிரி.

கூட்டம் முடிந்து பிளேன்டீயும் பணிசும் கொடுக்கும் இடத்தில் உன்னைப் பிடித்தேன். படத்துக்குக் கீழே எழுதியிருந்த பிழையைக் கேட்கக்கூட இல்லை. படத்தில் இருப்பது நான்தானா என்று மட்டும் கேட்டேன். நீ குரலை இறக்கி, “மொகம் தெரியாதும்மா. யாருன்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் போட்டேன்” என்றாய். எனக்குத் தெரியுமே என்றேன். நீ மணிக்கூட்டைப் பார்த்தாய். ஒரு பெரிய அதிகாரி வந்து, என்னை அம்மே என்று அழைத்து, இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு நான் பெருமைப்பட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் பிளேன்டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை அவர் என் வெட்கம் என்று நினைத்திருப்பார்.

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். பொங்கல் பானைக்கு விறகு போதாதென்று நான் மலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். நீ பின்னால் வந்தாய். கட்டை வாங்கிக்கொள்ளவா என்று கேட்டாய், வேண்டாம் சட்டை அழுக்காகும் என்றேன். பிறகு நீ பின்தங்கினாய். போனை எடுப்பது தெரிந்தது. பிள்ளை அம்மாவைப் படம் பிடிக்கிறான், அவசரப்படக் கூடாது என்று நான் நடையை மெதுவாக்கினேன். தம்பி, உன் வேலைக்குத் தோதாக நான் மெதுவாக நடந்து கொடுத்திருக்கிறேன்.

என் தலையில் இருந்தது என்ன? தெரியாத ஆட்களுக்காகச் சொல்கிறேன், உனக்காக இல்லை. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒரு தரம் கவாத்து வெட்டுவார்கள். செடி கட்டையாக நிற்கும். வெட்டி விழுந்த குச்சிகளுக்கு மிலாறு என்று பெயர். காய்ந்த பிறகு கட்டித் தூக்கிக்கொண்டு வருவோம். லயத்து அடுப்பு அதில்தான் எரிகிறது. காட்டில் ஓர் இலையைக்கூடத் தொடாத விறகு அது. மிலாறை மலையிலேயே விட்டால் மக்கி மண்ணுக்கு உரமாகும் என்று நீ சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். அது உண்மை, உன் அப்பாவே சொல்வார். அவர் கவாத்துக் கத்தி பிடித்தே முதுகு வளைந்து போனவர். அடுப்புக்கு வேறு வழி செய்து கொடுத்துவிட்டு அதை எங்களிடம் கேட்டிருக்கலாம். நீ அதைச் சொல்லவில்லை. காட்டு விறகு என்றாய். மிலாறைப் பார்த்துக் காட்டு விறகு என்று கொழும்பில் பிறந்தவன் சொல்லலாம். நீ எப்படிச் சொன்னாய்?

மிலாறு என்ற சொல்லை உன்னால் மறந்திருக்க முடியாது. நீ ஹட்டனுக்குப் படிக்கப் போன காலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன்னைக் கூப்பிட்ட பெயரே அதுதான். உன் சட்டையில் அடுப்புப் புகை மணக்கிறதென்று, “மிலாறு வந்திருச்சி, தள்ளி உக்காருங்கடா” என்பார்களாம். நீ வந்து சட்டையைக் கழற்றி எறிந்தாய். நான் பீலியில் கொண்டுபோய், குழாயிலிருந்து விழும் அந்த ஊற்றுத் தண்ணீரில் அடித்துத் துவைத்தேன். மழைக்காலத்தில் எங்கே காயும்? அடுப்புக்கு மேல் கொடி கட்டித்தான் காயப்போட வேண்டும். காய்ந்ததும் திரும்பவும் அதே மணம். ஒருநாள் நீ உன் அப்பாவிடம், “நம்ம மட்டும் ஏன்ப்பா மிலாறு எரிக்கிறோம்? கேஸ் வாங்குனா என்னா?” என்று கேட்டாய். அவர், “வாங்கலாம்டா. அப்பறம் அடுப்பு இருக்கும், மேல வைக்க அரிசி இருக்காது” என்றார். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டாய். அந்தச் சொல் உன்னை அவ்வளவு சுட்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடங்கள் கழித்தும் மேடையில் அது உன் வாயில் வரவில்லை. தெரியாமல் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். நீ தெரிந்தே பெயரை மாற்றினாய்.

எனக்குப் படிப்பில்லை என்று நீ உன் மனைவியிடம் சொல்வாயாம். இருக்கட்டும். குளிர் வராமல் இருக்க என் அம்மா காம்பராச் சுவரில் பழைய பத்திரிகை ஒட்டுவாள். அந்தச் சுவர்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பல தாளைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். அதனால் எனக்குத் தலைகீழாகவும் படிக்க வரும். நீ காட்டியதும் தலைகீழ்ப் படம்தான் தம்பி. அதையும் படித்துவிட்டேன்.

பெருக்கம் என்றாயே, அதற்கு வருகிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த லயத்தில் பாதி ஆட்கள் காலியானார்கள். இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, இங்கே பிறந்தவர்களை இந்தியாவுக்குப் போ என்று அனுப்பினார்கள். என் பெரியப்பா குடும்பமே போனது. ஹட்டன் ஸ்டேசனில் ரயில் நகர்ந்தபோது என் பெரியம்மா யன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே போனாள். பிடித்துக்கொண்டு கூடவே ஓடிய என் அம்மா பிளாட்பாரம் முடிந்த இடத்தில் விட்டாள். இந்த மலையில் எங்கள் ஜனம் பெருகிய கதை அப்படித் தொடங்கியது. அதன் பிறகு நான் உன்னைப் பெற்றேன், உன் தங்கச்சியைப் பெற்றேன். அவள் பிறந்து சில நாளில் லொறி வந்தது. பிள்ளை பெற்ற பொம்பளைகளை, கொழுந்துச் சாக்கு ஏற்றுவதுபோல் ஏற்றி, டவுனுக்குக் கொண்டுபோய் இனிப் பிள்ளை வராமல் ஆப்பரேசன் செய்து அனுப்பினார்கள். கொஞ்சம் காசும் கொடுத்தார்கள், லீவும் கொடுத்தார்கள். மூன்றாவது பிள்ளை எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று நானே யோசிக்கவில்லை. ஒருவேளை வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை என்பதுதான் பேச்சு. பாக்கியத்துக்கும் அப்படித்தான். பின்னாளில் தையல் இடத்தில் வலி வந்து கொழுந்துக் கூடையைச் சுமக்க முடியாமல் அவள் மலையில் உட்கார்ந்தபோது, அரைநாள் சம்பளம்தான் என்று பேர் பாதியாகப் போட்டார்கள். இதற்கு மேலும் நாங்கள் எப்படியடா குறைவது?

நெருக்கம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை கிடக்கிறது. கல்யாணம் கட்டிய மகன் பின்பக்கம் தகரத்தைச் சாய்த்துக் குடும்பம் நடத்துகிறான். வெள்ளைக்காரன் கட்டிய அதே காம்பரா, அதே அகலம். பக்கத்தில் ஓர் அடி நிலம் எடுத்துக் கட்டினால் தோட்டத்துக் காணி, கை வைக்காதே என்பார்கள். நாங்கள் பெருகவில்லை தம்பி, எங்களுக்கு விட்ட இடம் பெருகவில்லை. நீ எத்தனை வாய் என்று எண்ணிப் படம் போட்டாய். எந்த வாய் எவ்வளவு பெரிது என்று அளந்து பார்த்தாயா?

பெரிய பங்களாவைப் பார். தோட்டத்தை நடத்திய துரை இருந்த காலத்தில் ஒரு குடும்பம் இருந்தது. இப்போது ஹோட்டல். பல நாட்கள் பாதி அறை பூட்டித்தான் கிடக்கும், ஆனாலும் புல்லுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும், நீச்சல் குளம் நிறைய வேண்டும். அறைக்கு அறை குளிக்கத் தொட்டி. பாக்கியம் அங்கே கொஞ்ச நாள் கூட்டித் துடைக்கப் போனாள். வந்து சொல்வாள், “யக்கா, ஒரு நோனா குளிச்சி விட்ட தண்ணியில நம்ம லயமே பொங்கல் வைக்கலாம், பூப்போட்ட பொங்கல்.” அப்படிப்பட்ட சீமாட்டிகள் குளிக்கும் தொட்டியில் ரோஜா இதழ் மிதக்குமாம். முகட்டில் வரிசையாக நின்ற பெரிய மரங்களை அவர்கள்தான் வெட்டினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அறையிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்குத் தெரியவில்லை என்றார்கள். அது உன் படத்தில் இல்லை. காட்சிக்காக வெட்டினால் அபிவிருத்தி, கஞ்சிக்காக வெட்டினால் காடழிப்பு. இந்தப் படிப்பை எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

இது புதுக்கதையும் இல்லை. இந்த மலை முழுக்கக் காடாக இருந்ததாம். வெட்டச் சொன்னவன் கடல் தாண்டி வந்த முதலாளி. வெட்டிய கை எங்கள் முப்பாட்டன் கை. காடு போய்த் தேயிலை வந்தது. லாபம் கப்பலேறியது, கத்தி மட்டும் எங்களிடம் இருந்தது. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அங்கே ஆற்றை மறித்துக் கரண்ட் எடுத்தார்கள். கம்பி அவள் லயத்துக் கூரைக்கு மேலாலேயே போனது. அவள் கீழே குப்பிலாம்பு வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பேன் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்ட ஆள் கூலி அதிகம் என்று மருந்தடிக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் வடியும் கான் வெட்ட ஆள் போடுவதையும் குறைத்தார்கள். கான் இல்லாத மலையில் மழைத் தண்ணீர் எந்த வழியில் போகும்? மண்ணோடு போகும். மலை சரிந்தால் லயத்தில் ஆள் கூடிவிட்டது என்று எழுதுகிறீர்கள்.

சரி, நாங்கள் வெட்டிய மரத்துக்கும் வருகிறேன். ஒளிக்க மாட்டேன். நாட்டில் கேஸ் இல்லாமல், டீசல் இல்லாமல், மாவு இல்லாமல் கிடந்த அந்த வருடத்தில், பீலிக்கு மேலே நின்ற மரங்கள் விழுந்தன. டவுனில் இருந்து லொறி வந்தது. ஹோட்டல்காரர்களுக்கும் மாடி வீட்டுக்காரர்களுக்கும் விறகு வேண்டும். எங்கள் பொடியன்கள் வெட்டிக் கொடுத்தார்கள். நான் போய் மறித்தேன். செல்வம் கோடாலியோடு நின்றான். “அது பீலிக்கு மேல உள்ள மரம்டா. அத வெட்டுனா தண்ணி நிக்கும்” என்றேன். அவன் கோபப்படவில்லை. “தெரியும் பெரியம்மா. தண்ணிய மட்டும் குடிச்சிட்டு புள்ள தூங்குமா?” என்று கேட்டான். வழியை விட்டேன். கத்தி திரும்பவும் எங்கள் கையில், விறகு திரும்பவும் வேறு யாரோ வீட்டு அடுப்பில்.

யார் வீட்டு அடுப்பில் என்று உனக்குத் தெரியும். அந்த நாட்களில்தான் நீயும் எங்கேயோ டீசல் தேடிப் பிடித்து, சினேகிதன் வேனில் வந்தாய். கொழும்பில் பல்கனியில் கல் வைத்துச் சமைக்கிறோம், பிள்ளைக்குப் பால் காய்ச்சக்கூட ஒன்றுமில்லை என்றாய். உன் கண் சிவந்திருந்தது. செல்வம் வெட்டிப் போட்டதில் காய்ந்த கட்டையாகப் பார்த்துப் பார்த்து நானே சாக்கில் அடைத்தேன். அதைப் பிழை என்று இன்றும் சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளை பாலுக்கு அழுதால் நாளைக்கும் அடைப்பேன். செல்வம்தான் தோளில் தூக்கி வேனில் ஏற்றினான். நீ காசை நீட்டினாய். அவன் வாங்கவில்லை. “நம்ம வீட்டு வெறகு தானேண்ணே” என்றான்.

அந்த மரங்களின் அடிக்கட்டைகளைத்தான் நீ கொட்டகலையில் காட்டினாய். ‘உள்ளூர் மக்களால் வெட்டப்பட்டவை’ என்று போட்டிருந்தாய். செல்வம் எங்கள் வரிசையின் ஓரத்தில் இருந்தான். நான் திரும்பிப் பார்த்தபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து, அண்ணே அந்த வேன், அந்தச் சாக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரும் வழியில் ஏண்டா சும்மா இருந்தாய் என்று கேட்டேன். “விடுங்க பெரியம்மா, அண்ணனுக்கு வேல போயிரும்” என்றான். உன் வேலையை அவன் காப்பாற்றினான் தம்பி. நீ அவன் பீலியைக் காப்பாற்றுவாயா என்றுதான் நான் இவ்வளவும் கேட்கிறேன்.

எங்கள் பக்கம் அழுக்கே இல்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. எங்கள் கான் நாறுகிறது. ஷாம்பூ பாக்கெட், ரொட்டி சுற்றிய பொலித்தீன், பிள்ளைகளின் பம்பர்ஸ், எல்லாம் அதில்தான் கிடக்கிறது. பாக்கியம் வீட்டுப் பேத்தியின் பம்பர்ஸைப் பீலிக்கரையில் கண்டு, வாளியில் அள்ளிக்கொண்டுபோய் அவள் வாசலில் கொட்டினவள் நான். நெடுநாள் பேசாமல் இருந்தோம். பிறகு அவளே வந்து, “கொட்டறதுக்கு ஒரு எடத்தக் காட்டு யக்கா, அங்க கொட்டுறேன்” என்றாள். டவுனில் குப்பை அள்ளும் டிரக்டர் எங்கள் லயத்துப் பாதையில் ஏறியதே இல்லை. பங்களாவுக்கு மட்டும் ஏறும். அதை எழுது. எங்கள் அழுக்கையும் எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அழுக்கைக் காட்டிவிட்டு, டிரக்டரை மறைக்காதே.

இப்போது நடக்கப்போவது இதுதான். அடுத்த கூட்டத்தில், ஊற்றைப் பற்றி நீ எழுதும் அறிக்கையை வைக்கப்போகிறார்கள். மேல் லயத்து ஆட்களால் ஊற்றுக்கு ஆபத்து என்று அதில் இருக்கும், நீ மேடையில் சொன்னதே அதுதான். அதைக் காட்டி எங்களை ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே இறக்குவார்கள். ஊற்றைச் சுற்றி வேலி போடுவார்கள். பராமரிக்கும் பொறுப்பை ஹோட்டலுக்குக் கொடுப்பார்கள். பராமரிப்பு என்றால் குழாய் என்று எனக்குத் தெரியும். குழாய் மேலே பங்களாவுக்குப் போகும். ஏழாம் நம்பர் மலையில் ஒரு மழைக்கு மண் இறங்கியதை நீயும் பார்த்திருக்கிறாய். அப்போது நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாய். அந்த இடத்தில்தான் எங்களுக்குப் புது வீடு கட்டித் தருவார்களாம்.

பாக்கியத்துக்குப் போக ஆசை. “மழ பேஞ்சா பாத்துக்கலாம் யக்கா, செவரு நம்ம செவரா இருக்கும்ல” என்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க இருமினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் இடத்தில் கிடந்தவள் தனிச் சுவருக்கு ஆசைப்படக் கூடாதா? வீடு கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். சரியாத நிலத்தில் கொடுங்கள், எங்கள் பெயரில் காணி உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். மலையைக் கெடுத்த குற்றத்துக்குத் தண்டனையாகக் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன். குற்றவாளி வீட்டில் குடியிருக்க என்னால் முடியாது. என்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கனக்க மாட்டேன், ஆனால் கத்துவேன்.

நீ உன் மேலதிகாரி, உன் வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று சொல்வாய். எல்லாம் உண்மையாக இருக்கலாம். என் முப்பாட்டனும் வயிற்றுக்காகத்தான் காட்டை வெட்டினார். செல்வமும் வயிற்றுக்காகத்தான் வெட்டினான். நீயும் வயிற்றுக்காக எழுதுகிறாய். ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் இருவரும் வெட்டிய பழியைத் தாங்களே சுமந்தார்கள். நீ வெட்டிவிட்டுப் பழியை என் தலையில் கட்டாக வைத்திருக்கிறாய், பின்னாலிருந்து, முகம் தெரியாமல்.

அந்தப் படத்தை எடுத்துவிடு என்று நான் கேட்கப்போவதில்லை. பாக்கியம் அப்படித்தான் எழுதச் சொன்னாள். அவளுக்கு என் மானம் போகிறதென்று கவலை. படம் இருக்கட்டும். அறிக்கையில் போடு, சுவர் உயரத்துக்குக் காட்டு. அடுத்த கூட்டத்துக்கும் நான் வருவேன், அந்தப் பச்சைச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு வருவேன், முன் வரிசையில் உட்காருவேன். யாராவது எழுப்பினால் எழும்ப மாட்டேன். ஆனால் படத்துக்குக் கீழே இருக்கும் அந்த வரியை அழி. அந்த இடத்தில் இரண்டு பெயர்களை எழுது. கட்டின் பெயர் மிலாறு. சுமப்பவளுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தாயின் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்கு முந்திக்கொண்டு நீ சத்தமாகச் சொன்ன பெயர்.

இந்தக் கடிதத்தின் அடியில் அதை நான் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய இடம் இதுவல்ல.